கட்டிலருகே வராத குருவானவர்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



இன்று நாம் நினைவுகூரப்போகிறவர் இங்கிலாந்து தேசத்துக் குருவானவர் ஒருவர். அவர் பெயர் ஜார்ஜ் கிராப். கிராப் என்றதும் பெரியவர்கள் சிலரின் கை தலைமுடிக்குப் போகிறது. அந்தக் கிராப் அல்ல. இவர் மிஷனெரியாக எந்தத் தேசத்துக்கும் கப்பல் ஏறியவரல்ல. எழுப்புதல் பிரசங்கியாரும் அல்ல. கவிதை எழுதினார். ஆனால் ஆங்கிலக் கவிஞர்களின் முதல் வரிசையில் அவரை உட்கார வைப்பவர்கள் அதிகமில்லை. அப்படியானால் அவரைப் பற்றி ஏன் பேசவேண்டும்?

காரணம் ஒன்றுதான். அவர் முதலில் வைத்தியர், பிறகு குருவானவர். வியாதியஸ்தரின் கட்டிலருகே வந்து நிற்கிற இருவரின் நிலையும் அவருக்குத் தெரியும். இரண்டைப் பற்றியும் அவர் எழுதினார். இரு தரப்பாருக்கும் இனிப்பாக எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிற நாங்கள் அவரை வாசிக்கும்போது, பல இடங்களில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

1754-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, சஃபோக் பகுதியின் கடலோர ஊரான ஆல்ட்பரோவில் பிறந்தார். கடல் கொஞ்சங் கொஞ்சமாக வீடுகளைத் தின்றுகொண்டிருந்த ஏழை ஊர் அது. மீன்பிடிக்கிறவர்கள், படகோட்டிகள், கள்ளக்கடத்தல்காரர்கள் வாழ்ந்த ஊர். தகப்பனார் உப்பு வரி வசூலிக்கும் வேலையில் இருந்தார். உப்பு வரி என்றால் நமக்குத் தண்டியும் வேதாரண்யமும் ஞாபகத்துக்கு வரும். அந்த வரியை அந்த அரசாங்கம் தன் சொந்த ஜனங்களிடமும் அப்போது வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

பதினான்காம் வயதில் பையனை வைத்தியம் பழக ஒரு கிராமத்து மருந்துக்காரரிடம் விட்டார்கள். மருந்து கலந்து கொடுத்து, காயத்துக்குக் கட்டுப்போட்டு, இரத்தம் எடுத்து, சகலமும் செய்கிறவர்கள் அவர்கள். நம் பழைய கம்பவுண்டர்களை நினைத்துக்கொள்ளலாம். அந்த எஜமானருக்கு நிலபுலமும் இருந்தது. ஆகவே பையன் மருந்து அரைத்ததைவிட வயல் வேலை செய்தது அதிகம். உழவுக்காரப் பையனோடுதான் படுக்கை. மூன்று வருஷம் கழித்து உட்பிரிட்ஜ் என்ற ஊரில் வேறொரு வைத்தியரிடம் சேர்ந்தார். அந்தக் காலத்தில்தான் சாரா எல்மி என்ற பெண்ணைச் சந்தித்தார். சந்தித்தது 1772-இல், விவாகம் 1783-இல். கையில் காசில்லாத மாப்பிள்ளைக்காக அந்த அம்மாள் பதினோரு வருஷம் காத்திருந்தார்கள்.

சொந்த ஊருக்குத் திரும்பி வைத்தியம் தொடங்கினார். தொழில் நடக்கவில்லை. கிராப்புக்குச் செடிகொடிகள் மேல் பிரியம் உண்டு. வாய்க்கால் ஓரங்களில் குனிந்து மூலிகை பறித்துக்கொண்டிருப்பார். ஊரார் கணக்குப் போட்டார்கள்: மருந்து இவருக்குச் சும்மா கிடைக்கிறது, பின் நாம் ஏன் பணம் கொடுக்கவேண்டும்? இதைக் கேட்டுச் சிரிக்கும் டாக்டர்மார் இங்கேயும் இருக்கிறார்கள் என்று காண்கிறோம்.

1780-இல் தொழிலை விட்டுவிட்டு லண்டனுக்குப் போனார். கடன்களைத் தீர்த்தது போகக் கையில் மூன்று பவுன். கூடவே கொஞ்சம் துணிமணி, எழுதிய கவிதைகள், ரணவைத்தியக் கருவிகள் இருந்த ஒரு பெட்டி. அந்தக் கருவிகளும் அடகுக்கடைக்குப் போயின. பெரிய மனிதர்களுக்குக் கடிதம் எழுதினார், பதிலில்லை. கடைசியில் 1781-இல் எட்மண்ட் பர்க் என்ற பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அன்று இரவெல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். பிற்காலத்தில் அவரே சொன்னது இது. இருபத்தாறு வயது. கடன்காரர் சிறைக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம். கீழே ஆறு. ஆஸ்பத்திரியில் விஷம் குடித்துக் கொண்டுவரப்படுகிற வாலிபரை எங்கள் கண் கண்டிருக்கிறது. ஆகையால் அந்தப் பாலத்தின் இரவைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

பர்க் அவரைக் கூப்பிட்டனுப்பினார். முன்பின் அறியாத ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்து, கவிதைகளைப் படித்து, தன் வீட்டில் இடம் கொடுத்து, குருப்பட்டத்துக்கும் வழி செய்தார். பின்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்திய ஜனங்களுக்குச் செய்த அநியாயங்களுக்காகப் பாராளுமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்காடிய அதே பர்க்தான். 1781 முடியுமுன் கிராப் டீக்கனானார். அடுத்த வருஷம் குருவானவரானார். முதலில் அனுப்பப்பட்டது சொந்த ஊரான ஆல்ட்பரோவுக்கே. தோற்றுப்போன வைத்தியராக அவரை அறிந்திருந்தவர்கள் முன்பாகவே பிரசங்க பீடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. சீக்கிரத்தில் ரட்லண்ட் பிரபுவின் பீவர் கோட்டையில் குடும்பக் குருவானவராகப் போய்விட்டார்.

அந்தக் கோட்டையில் வாசமாயிருந்த நாட்களில்தான், 1783-இல், 'தி வில்லேஜ்' வெளிவந்தது. கிராமம் என்று அர்த்தம். இதைப் பற்றிச் சற்று நிறுத்திப் பேசவேண்டும்.

அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பு கோல்ட்ஸ்மித் என்பவர் கைவிடப்பட்ட ஒரு கிராமத்தைப் பற்றி மிக அழகான கவிதை எழுதியிருந்தார். அதில் வருகிற குருவானவர் எளியவர், அன்பானவர், வாசலுக்கு வந்த எவரையும் திருப்பி அனுப்பாதவர். இங்கிலாந்தே அதைப் படித்துக் கண் கலங்கியது. கிராப் கண் கலங்கவில்லை; கோபப்பட்டார் என்றே சொல்லலாம். கிராமத்தை அறையில் உட்கார்ந்து கற்பனை பண்ணுகிறவர்களுக்குக் கிராமம் அழகுதான். வயலில் நின்றவனுக்குத் தெரியும் அதன் பசி என்பது அவருடைய கட்சி. அவர் காட்டுகிற கிராமத்தில் ஏழைகள் விடுதி ஒன்று இருக்கிறது. மண்சுவர், சரியாக நிற்காத கதவு. உள்ளே பெற்றோரில்லாத பிள்ளைகள், பிள்ளைகள் கவனிக்காத பெற்றோர், புருஷன் விட்டுப்போன மனைவிகள், முடவர், குருடர், புத்தி பேதலித்தவர்கள். எல்லோரும் ஒரே கூரையின் கீழ். அதிலே ஒரு சிறு அறையில் ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார்.

அவரைப் பார்க்க முதலில் வைத்தியர் வருகிறார். ஏழைகளுக்குப் பார்க்கும்படி ஊர்ச் செலவில் அமர்த்தப்பட்டவர். அவசரமாக வருகிறார், எப்போதும் கேட்கிற கேள்விகளைக் கேட்கிறார், பதில் முடிவதற்குள் வாசற்பக்கம் திரும்பிவிட்டார். நோயாளியும் கேட்பதை நிறுத்திவிடுகிறார். இதை எழுதியவர் ஒரு காலத்தில் இதே தொழிலைச் செய்தவர் என்பதை மறக்கக்கூடாது.

பிறகு குருவானவர் வரவேண்டும். அவர் வாலிபர், குதூகலமானவர். ஞாயிற்றுக்கிழமை வேலையை ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர். பகலில் நாய்களோடு வேட்டை, இரவில் சீட்டாட்டம். கட்டிலருகே அவர் வரவில்லை. கிழவர் மரித்துப்போகிறார். தங்களோடு விளையாடின தாத்தாவைத் தேடிப் பிள்ளைகள் பிரேதத்தின் பின்னே வருகிறார்கள். மணி அடிக்கிறது. குருவானவருக்கு வேறு முக்கியமான வேலை இருக்கிறது. அடக்க ஜெபத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிடுகிறார். ஜனங்கள் வெகுநேரம் காத்திருந்து, ஏழை என்பதால் ஆசீர்வாதம்கூட இல்லாமல் கிடக்கவேண்டியதாயிற்றே என்ற துக்கத்தோடு வீடு திரும்புகிறார்கள்.

எரிகோ வழியில் விலகிப்போன ஆசாரியனை நாம் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவன் யாரோ ஒருவன், தூரத்து ஆள். கிராப் அவனுக்குத் தன் சொந்தச் சபையின் அங்கியைப் போட்டுக் காட்டினார். பேரறிஞர் சாமுவேல் ஜான்சன் அச்சுக்கு முன் இந்தக் கவிதையைப் படித்துச் சில வரிகளைத் திருத்திக் கொடுத்தார். புத்தகம் நன்றாகப் போயிற்று. கிராப் பெயர் பெற்றார்.

இதோடு நிறுத்தியிருந்தால் கிராப்பைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடலாம். சரித்திரம் அப்படி விடுவதில்லை.

1789-இல் பீவர் கோட்டைக்கு அருகே மஸ்டன் என்ற கிராமத்துச் சபை அவருக்குக் கிடைத்தது. நல்ல வருமானம். அங்கே ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியமும் பார்த்தார். ஜெபமும் மருந்தும் ஒரே கையிலிருந்து வந்தன. ஆனால் 1792-இல் மனைவியின் உறவினர் ஒருவரின் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பு வந்தபோது, குடும்பத்தோடு சஃபோக் பகுதிக்குப் போனார். அங்கேயே தங்கிவிட்டார். ஒன்றிரண்டு வருஷமல்ல, பதின்மூன்று வருஷம். மஸ்டனில் ஆராதனை நடத்தக் குறைந்த சம்பளத்தில் ஓர் உதவிக் குருவானவர். சபையின் வருமானம் கிராப்புக்கு.

அன்றைய இங்கிலாந்தில் இது வழக்கம்தான். நூற்றுக்கணக்கானவர்கள் செய்தார்கள், சட்டமும் இடங்கொடுத்தது. சஃபோக்கிலும் அவர் சும்மா இருக்கவில்லை, அக்கம்பக்கத்துச் சபைகளில் ஊழியம் செய்துகொண்டுதான் இருந்தார். இதையெல்லாம் நியாயமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனாலும் அந்தப் பதின்மூன்று வருஷத்தில் மஸ்டனில் மரித்துப்போன ஏழைக் கிழவர்களின் கட்டிலருகே, அந்தச் சபையின் வருமானத்தை வாங்கிய குருவானவர் இல்லை. 'தி வில்லேஜ்' எழுதிய கையே அந்த வருமானத்தையும் வாங்கியது. கடைசியில் பேராயர் கண்டித்து, சபையில் வந்து வாசம்பண்ணவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். 1805-இல் திரும்பி வந்தபோது, சபையாரில் பலர் மெதடிஸ்டுகளோடு சேர்ந்திருந்தார்கள். கிராப்புக்கு அது மிகுந்த மனவருத்தம். அவர் பிரசங்க பீடத்திலிருந்து அவர்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. எங்கள் எண்ணத்தில், மேய்ப்பன் பதின்மூன்று வருஷம் கழித்து வந்து ஆடுகளைக் கடிந்துகொள்வது அவ்வளவு பொருத்தமாக இல்லை.

இதே காலத்தில் அந்த வீட்டுக்குள் நடந்ததையும் சொல்லவேண்டும். பிறந்தவை ஏழு பிள்ளைகள். 1796-இல் ஒரு மகன் மரித்தபோது மிஞ்சியவர்கள் இருவர். அதன்பின் சாரா அம்மாளின் மனம் நோயுற்றது. சில காலம் மிகுந்த உற்சாகம், பல காலம் மீளாத சோர்வு. 1813-இல் மரிக்கும்வரை அந்த வியாதி விடவில்லை. அந்நாட்களில் அதற்கு மருந்துமில்லை, பெயருமில்லை. கிராப் மனைவியை எங்கேயும் அனுப்பிவிடவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அவருக்கும் 1790 வாக்கில் தலைசுற்றல் கண்டு, டாக்டர் ஆலோசனைப்படி அபின் சாப்பிடத் தொடங்கினார். மரணபரியந்தம் அதை விடவில்லை. அந்தக் காலத்தில் அபினை ஒரு சாதாரண மருந்தாகவே எண்ணினார்கள்.

1785-க்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவர் கவிதைப் புத்தகம் ஒன்றும் வெளியிடவில்லை. எழுதாமலிருக்கவில்லை, எழுதி எரித்தார். மூன்று நாவல்கள் எழுதினார். மனைவிக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, நெருப்பில் போட்டார். தாவர சாஸ்திரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கேம்பிரிட்ஜ் பண்டிதர் ஒருவர், சாஸ்திரத்தை லத்தீனில் எழுதாமல் ஆங்கிலத்தில் எழுதுவது அதற்கே இழிவு என்றார். அதுவும் நெருப்புக்குப் போயிற்று. தாய்மொழியில் விஞ்ஞானம் எழுத முயன்ற தமிழர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

1807-இல் மறுபடியும் ஒரு புத்தகம் வந்தது. அதில் 'தி பாரிஷ் ரெஜிஸ்டர்' என்ற நீண்ட கவிதை நம் சபை மக்களுக்கு உடனே விளங்கும். வருஷக் கடைசியில் ஒரு குருவானவர் சபையின் பதிவேட்டைப் புரட்டுகிறார். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்ற மூன்று பகுதிகள். ஒவ்வொரு பெயரிலும் நின்று, அந்த ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான் கதை. ஏழைகள் விடுதியில் சாகக்கூடாதே என்று பயந்து வாழ்ந்த நேர்மையான முதியவர் ஐசக் ஆஷ்ஃபோர்ட் அதில் வருகிறார். திங்கட்கிழமை கண்டெடுக்கப்பட்டதால் 'திங்கள்' என்றே பெயரிடப்பட்ட அநாதைக் குழந்தை ரிச்சர்ட் மன்டே வருகிறார். ஊரார் கூடி என்ன பெயர் வைக்கலாம் என்று வாதாடி, கடைசியில் கிழமையின் பெயரை வைக்கிறார்கள். அந்தப் பையன் அடிபட்டு வளர்ந்து, ஊரை விட்டு ஓடி, பெரும் பணக்காரராகி, சர் பட்டமும் பெற்று மரிக்கிறார். மற்ற தர்மங்களுக்கெல்லாம் தாராளமாக எழுதிவைத்தவர், தன்னை வளர்த்த ஊரின் ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க அற்பத் தொகையைக் கண்டிப்பான நிபந்தனைகளோடு விட்டுப்போகிறார். நன்கொடையாளர் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தோம். சொல்லிவிட்டோம்.

அரசியல் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் 1806-இல் மரணப்படுக்கையில் இருந்தபோது, இந்தக் கவிதையின் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அழகாயிருந்து, கெட்ட புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டு உருக்குலைந்துபோன ஃபீபி டாசன் என்ற பெண்ணின் கதை அது.

1810-இல் வந்தது 'தி பரோ'. ஒரு கடற்கரை நகரத்தைப் பற்றி இருபத்துநான்கு கடிதங்கள். அதில் பதினேழாவது கடிதம் ஓர் ஆஸ்பத்திரியையும் அதன் நிர்வாகிகளையும் பற்றியது. அதை இந்தக் கூட்டத்திலே சொல்லாமல் எங்கே சொல்வது? தர்மப் பணத்தில் கட்டப்பட்ட ஆஸ்பத்திரி. சுகமடைந்து வெளியே போகிற ஒரு நோயாளியைக் காட்டுகிறார். பிறகு கொடுக்கிறவர்களிடம் வருகிறார். ஒருவர் யூசிபியஸ், தேவபக்தியோடும் தாழ்மையோடும் கொடுக்கிறவர். இன்னொருவர் நிர்வாகத்தில் கெட்டிக்காரர், ஒழுங்குக்காரர், கணக்குச் சரியாக இருக்கும். மூன்றாமவர் அவ்வளவு மேன்மையான நோக்கமுள்ளவரல்ல. இவர்களில் முதலாமவரை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் துரத்திவிடவேண்டும் என்று கிராப் சொல்வார் என எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. எல்லாவிதக் குறையும் கலந்திருந்தும் நோயாளி சுகப்பட்டான், அந்த நன்மை நன்மைதான் என்கிறார். தன்னைப் பற்றியும் கொஞ்சம் நினைத்துக்கொண்டுதான் அதை எழுதினாரோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

அதே புத்தகத்தில் போலி வைத்தியர்களின் புட்டி மருந்துகளுக்கு ஒரு கடிதம் உண்டு, சிறைக்கு ஒன்று உண்டு. இருபத்திரண்டாவது கடிதம் பீட்டர் கிரைம்ஸ் என்ற மீனவனைப் பற்றியது. லண்டன் ஏழைகள் விடுதியிலிருந்து வேலைக்கு வாங்கிய பையன்களை அடித்தும் பட்டினிபோட்டும் ஒருவர்பின் ஒருவராகச் சாகவிட்டவன். அடி விழும் சத்தம் ஊராருக்குக் கேட்கும். அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அந்த இடம்தான் அதில் மிகவும் பயங்கரமானது. 1941-இல் அமெரிக்காவில் இருந்த பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளர், கிராப்பைப் பற்றி ஈ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்து, ஊர் ஞாபகம் வந்து தேசம் திரும்பினார். இந்தக் கதையை அவர் இசை நாடகமாக்க, அது 1945-இல் லண்டனில் அரங்கேறியது. கிராப்பின் பெயரை அறியாதவர்களும் பீட்டர் கிரைம்ஸை அறிவார்கள்.

மனைவி மரித்தபின், 1814-இல், டிரௌபிரிட்ஜ் என்ற நெசவு ஊருக்குக் குருவானவராக மாற்றலாகிப் போனார். கம்பளித் துணி ஆலைகள் உள்ள ஊர். அங்கே இந்த முறை நிலைத்து இருந்தார், பதினெட்டு வருஷம். முதலில் சபையாருக்கு அவரைப் பிடிக்கவில்லை, வேறொருவரைக் கேட்டிருந்தார்கள். போகப்போக மனம் மாறினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஏமாற்றுகிறவர்களுக்கும் கொடுக்கிறார் என்று வீட்டாரே குறைசொன்னார்கள். 1819-இல் பதிப்பாளர் மர்ரே அவருடைய கவிதைகளின் உரிமைக்கு மூவாயிரம் பவுன் கொடுத்தார். பாங்கியில் போடுங்கள் என்று லண்டன் சிநேகிதர்கள் கெஞ்சினார்கள். ஊரிலே மகன் ஜானுக்குக் காட்டவேண்டும் என்று அந்தச் சீட்டுகளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வண்டியேறினார். ஒரு காலத்தில் அடகுக்கடைக்கு நடந்தவர் அல்லவா.

1822-இல் எடின்பரோவுக்குப் போய் வால்டர் ஸ்காட் வீட்டில் தங்கினார். காலையில் கீழே இறங்கி வந்தால், மலைநாட்டு உடையில் சில கனவான்கள் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்நிய தேசத்தார் என்று எண்ணி மரியாதையாகப் பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். அவர்களோ கறுப்பு உடுப்பு அணிந்த இந்த முதியவரைப் பிரெஞ்சுப் பாதிரியார் என்று நினைத்துக்கொண்டு பிரெஞ்சிலேயே பதில் சொன்னார்கள். ஸ்காட் வந்துதான் ஆங்கிலத்தில் காலை வந்தனம் சொல்லிக் குழப்பத்தைத் தீர்த்தார்.

கிராப் 1832 பிப்ரவரி 3-ஆம் தேதி, எழுபத்தேழாம் வயதில், டிரௌபிரிட்ஜில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த ஆலயத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். அதே வருஷம் ஜூலை மாதம், பக்கவாதத்தால் நினைவு தடுமாறிய நிலையில் ஸ்காட் தன் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். ஏதாவது வாசித்துக் காட்டட்டுமா என்று மருமகன் லாக்ஹார்ட் கேட்டபோது, கிராப்பை வாசி என்றார். லாக்ஹார்ட் 'தி பரோ' புத்தகத்தைத் திறந்து வாசித்தார். ஸ்காட் பாதி மனப்பாடமாக வைத்திருந்த வரிகள் அவை. அன்றைக்கு அவற்றைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார். நன்றாயிருக்கிறது என்று இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியவர் உயிரோடிருக்கிறாரா என்று அவர் கேட்கவில்லை. கிராப் மரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.